ஐந்து வரி கீழே, ஒரு வரி மேலே

“அன்புள்ள கரும்பச்சை அவர்களுக்கு, வணக்கம்.”

திரையில் அந்த வரியைப் பார்த்ததும் அவன் விரல் நின்றது. கரும்பச்சை என்று பிள்ளைக்குப் பெயர் வைப்பார்களா? வைக்கலாம். குடை கம்பெனியின் புகார்ப் பிரிவில் பதினொரு மாதம் உட்கார்ந்தவனுக்கு, மனிதர்கள் எதையும் செய்வார்கள் என்று தெரியும். ஆனால் இதற்கு முந்தைய பதில் ‘அன்புள்ள நீலம்’ என்று போயிருந்தது. அதற்கு முந்தையது ‘அன்புள்ள பூப்போட்டது’.

காலையிலிருந்து எழுபத்து மூன்று பேருக்கு அனுப்பியாகிவிட்டது.

“அக்கா, உங்களுக்கு வர்ற லெட்டர்ல பேரெல்லாம் சரியா இருக்கா?”

பக்கத்து மேசை அக்கா குறுக்கெழுத்துப் போட்டியிலிருந்து தலையைத் தூக்கினாள். வருகிற புகார்களில் பாதி அவனுக்கு, பாதி அவளுக்கு.

“எனக்குச் சரியாத்தான் இருக்கு, தம்பி.”

மேலும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாயில் ஒரு மிட்டாயைப் போட்டு மூடிக்கொண்டாள்.

அக்கா எல்லாவற்றையும் கையாலேயே தட்டுகிறாள், அதனால்தான் தப்பு வரவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டான். கையால் தட்டுகிறவள் தினமும் மூன்று மணிக்கே வேலையை முடித்துவிட்டு எப்படிக் கட்டம் நிரப்புகிறாள் என்று யோசித்ததில்லை. அவன் இப்போதெல்லாம் அதிகம் யோசிப்பதில்லை.

காரணம் சின்னதுதான். கம்பெனியின் இணையதளத்தில் புகார்ப் படிவம் ஒன்று உண்டு. தேதி, மாடல், வாங்கிய கடை, பெயர், புகார் என்று ஐந்து வரி. நேற்று யாரோ ஒரு புத்திசாலி, கடைக்கும் பெயருக்கும் நடுவில் ‘குடையின் நிறம்’ என்று ஆறாவதாக ஒரு வரியைச் செருகிவிட்டார்.

அவன் பதில்களைக் கையால் எழுதுவதில்லை. கடிதத்தை எடிட்டரில் திறந்து விசைப்பலகையில் எஃப் எட்டை அழுத்துவான். கர்சர் தானாக நாலாவது வரிக்குப் போய்ப் பெயரை எடுத்துவரும், ‘அன்புள்ள’ போடும், வருத்தம் தெரிவிக்கும், பதினைந்து நாளில் குடையைச் சரிசெய்து தருவதாகச் சத்தியம் செய்யும், கையெழுத்தும் போடும். இப்போது நாலாவது வரியில் பெயர் இல்லை, நிறம் இருக்கிறது. ஒரு தடவை செய்துகாட்டியதையே திரும்பத் திரும்பச் செய்யும் மேக்ரோவுக்கு நிறம் எது, மனிதர் எது என்று தெரியாது.

சரிசெய்ய இரண்டு நிமிடம் போதும். மேக்ரோவைத் திரும்பப் பதிவு செய்தால் தீர்ந்தது. எட்டின் மேலேயே பதிவு செய்ய வேண்டும் என்றுகூட இல்லை, வேறு பட்டனில் புதிதாகப் போடலாம். ஆனால் அப்படிப் போட்டால் எட்டை அழுத்த வேலை இருக்காது.

அதுதான் அவனுக்கு முடியவில்லை. எட்டு, அவன் மனைவி போட்டது.

நாலு வருடத்துக்கு முன்னால் இந்த நாற்காலி அவளுடையது. அவன் மாடியில் பரிசோதனைப் பிரிவில் இருந்தான். குடையை மின்விசிறிக்கு முன்னால் பிடித்து, மேலே குழாயால் தண்ணீர் அடித்து, எப்போது மடங்குகிறது என்று எழுதிவைக்கிற உத்தியோகம். அந்த மழைக்காலத்தில் புகார்கள் குவிந்தன. அவள் மாடியேறி வந்து கேட்டாள். அவன் கீழே வந்து சொல்லிக்கொடுத்தான்.

“பதிவு பட்டனை அழுத்துங்க. ஒரு தடவை நீங்க செஞ்சு காட்டுங்க. மறுபடி அழுத்துங்க. அப்புறம் நீங்க செஞ்சதை அதுவே செய்யும்.”

“தப்பா செஞ்சா?”

“தப்பையும் செய்யும்.”

தப்பாகச் செய்தாள். நாலாவது வரியில் நிற்க வேண்டியவள் அவசரத்தில் ஐந்தாவதுக்குப் போய், “அச்சச்சோ” என்று ஒரு வரி மேலே வந்து பெயரை எடுத்தாள். மேக்ரோ அதையும் பத்திரமாகப் பதிவு செய்துகொண்டது. அன்றிலிருந்து ஐந்து வரி கீழே, ஒரு வரி மேலே. வீட்டு வாசலைத் தாண்டிப் போய், அடடா என்று திரும்பி வருகிற ஆள் மாதிரி.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. சில முன்கோபிகள் புகாரை எழுதுவதற்கு முன்பே ‘அனுப்பு’ பட்டனைக் குத்திவிடுவார்கள். அந்தக் கடிதங்களில் ஐந்தாவது வரியே இருக்காது. கர்சர் இறங்க இடமில்லாமல் ‘டிங்’ என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். உடனே மாடிக்குப் போன் வரும்.

“சார், கொஞ்சம் வர்றீங்களா? டிங்னு நின்னுடுச்சு.”

இருபத்திரண்டு படி. இறங்கி வந்து, கடிதத்தின் கடைசியில் வெறும் வரி ஒன்றைச் சேர்த்து, மறுபடி எட்டை அழுத்துவான். ஓடும். மூன்று விநாடி வேலை. அதற்குச் சராசரியாகப் பதினைந்து நிமிடம் ஆகும்.

“இதை அழிச்சிட்டுத் திரும்பப் போடுங்களேன். ரெண்டு நிமிஷம்.”

“அப்புறம் போட்டுக்கறேன் சார்.”

அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை. கல்யாணம் வந்தது. ‘சார்’ போய் ‘ஏங்க’ வந்தது. டிங் மட்டும் அப்படியே இருந்தது.

செவ்வாயும் வியாழனும் அவன் பேக்டரிக்குப் போவான். மாலையில் கேட்பான்: “இன்னைக்கு எத்தனை தடவை நின்னுது?”

“ஒண்ணுகூட இல்லைங்க. இன்னைக்கு யாருக்கும் கோபமே வரலை போல.”

வாரா வாரம் இதையே கேட்டவன், செவ்வாய், வியாழனில் வாடிக்கையாளர்களுக்குக் கோபம் குறைவு என்று ஒரு கொள்கையே உருவாக்கிவிட்டான். செக்‌ஷன் மேடம் அதை ஆண்டறிக்கையில் சேர்த்துக்கொண்டார்கள். மேலிடத்தில் பாராட்டு வந்தது.

பதினொரு மாதத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை, தலைவலி என்று அவள் சீக்கிரம் வீட்டுக்குப் போனாள். வெள்ளிக்கிழமை அவள் இல்லை.

அவன் மாற்றல் கேட்டு இந்த நாற்காலிக்கு வந்தான். நாற்காலி அவள் உயரத்துக்கு இருந்தது. அவனுக்கு முழங்கால் மேசையில் இடித்தது. நாற்காலியை ஏற்றி இறக்கும் பிடி எங்கே இருக்கிறது என்று தெரியும். தொடவில்லை. கம்ப்யூட்டர் பழையது, மெதுவானது. கர்சர் போவதும் வருவதும் கண்ணுக்குத் தெரியும். புதியது தருகிறோம் என்று இரண்டு முறை சொன்னார்கள், இரண்டு முறையும் வேண்டாம் என்றான். ஒரு நாளைக்கு நூற்று நாற்பது கடிதம். நூற்று நாற்பது முறை கர்சர் தாண்டிப் போய்த் திரும்பி வரும். அது அவள் விரல். வீட்டில் அவளுடைய சீப்பு இருக்கிறது, செருப்பு இருக்கிறது. அவை சும்மா கிடக்கின்றன. அசைவது இது ஒன்றுதான்.

அவன் வந்த பிறகு செவ்வாய், வியாழனிலும் டிங் கேட்டது. உலகத்தில் கோபம் கூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டான்.

ஆகவே எட்டைத் தொடாமல், எட்டுக்கு ஏற்றபடி உலகத்தை மாற்றுவது என்று முடிவு செய்தான்.

மறுநாள் முதலில் ஒவ்வொரு கடிதத்திலும் நிறத்தைக் கையால் அழித்துவிட்டு எட்டை அழுத்தினான். நன்றாகத்தான் ஓடியது. மாலைக்குள் அறுபது கடிதம் முடிந்தது, எண்பது தேங்கியது. மேக்ரோ இல்லாமலே எழுதியிருந்தால் இதைவிடச் சீக்கிரம் முடிந்திருக்கும்.

அதற்கு அடுத்த நாள், எஃப் ஏழில் தன் சொந்த மேக்ரோவைப் போட்டான். வேலை ஒன்றே ஒன்று: நாலாவது வரியை அழிப்பது. ஏழு, எட்டு என்று வரிசையாக அழுத்தினால் போதும். பிரமாதமாக இருந்தது. தேங்கிய கடிதங்களையும் சேர்த்து, மதியச் சாப்பாட்டுக்கு முன் நூற்று முப்பது முடித்தான்.

சாப்பாட்டுக்குப் பின் செக்‌ஷன் மேடம் கூப்பிட்டார்கள்.

“என்னப்பா இது? ‘அன்புள்ள பஸ்ஸுக்குள்ளேயே விரிந்துவிட்டது அவர்களுக்கு’?”

“வாடிக்கையாளர், மேடம்.”

“அவர் பேரா அது?”

“அது அவரோட குறை, மேடம்.”

“குறையைச் சொல்லித்தான் ஆளைக் கூப்பிடுவியா? அப்படிப் பார்த்தா உன்னை நான் என்னன்னு கூப்பிடறது?”

விஷயம் இதுதான். நிறத்தை நிரப்புவது கட்டாயமில்லை. நிரப்பாதவர்களின் கடிதத்தில் அந்த வரியே வராது. அவர்களுக்கு நாலாவது வரி பெயர். ஏழு அந்தப் பெயரை அழித்துவிட்டது. எட்டு அடுத்ததாகக் கிடைத்ததை எடுத்துக்கொண்டது. பத்தி பத்தியாகப் புகார் எழுதிய நாற்பது பேர் அதில் மாட்டிக்கொண்டார்கள். ‘அன்புள்ள பிடி கையோடு வந்துவிட்டது’ என்று ஒருவர். ‘அன்புள்ள நீங்களெல்லாம் மனிதர்களா’ என்று இன்னொருவர். அந்த இன்னொருவர் பதில் எழுதியிருந்தார்: “என் கேள்வியை எனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.”

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்கள்.

“உன் நிலைமை எனக்குப் புரியாம இல்லப்பா. ஆனா நாளைக்குள்ள இது சரியாகணும். இல்லேன்னா சிஸ்டம்காரரை வரச் சொல்லி எல்லாத்தையும் எடுத்துட்டுப் புதுசு போட்டுடுவேன்.”

“சரியாகிடும், மேடம்.”

வெளியே வந்தால் வரவேற்பறையில் ஒருவர் நின்றிருந்தார். ஓய்வுபெற்ற தலைமைக் காவலர். மீசை இரண்டு பக்கமும் காதை நோக்கிப் புறப்பட்டிருந்தது. ஒரு கையில் பதிலின் நகல். இன்னொரு கையில் ரோஜாப் பூக்கள் போட்ட பெண்கள் குடை.

“‘அன்புள்ள பூப்போட்டது’ன்னு எழுதினது யாருங்க?”

“நான்தான் சார். மன்னிச்சுக்கங்க. இயந்திரக் கோளாறு.”

“குடை என்னோடது இல்ல. வீட்டம்மாவோடது.”

“சரிங்க.”

“அதை எழுத்துல குடுங்க.”

“எதுக்கு சார்?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “லெட்டரை அவதான் முதல்ல படிச்சா. முந்தாநாள்லேர்ந்து வீட்ல என்னை அப்படித்தான் கூப்பிடறா. ‘பூப்போட்டது, சாப்பிட வா’ங்கறா. பேரப்பிள்ளைங்க முன்னாடி.”

அவன் எழுதிக்கொடுத்தான். அவர் அதை நாலாக மடித்துப் பையில் வைத்து, ஆள் யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, குடையைக் கக்கத்தில் ஒளித்துக்கொண்டு போனார். தெருமுனையில் அவர் திரும்பும்வரை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் வீட்டில் அவரைக் கேலி செய்ய ஒருத்தி காத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாளைக் காட்டினாலும் அவள் விடப்போவதில்லை.

அன்று சாயங்காலம் மூன்றாவது வழி கிடைத்தது. நிரப்பாதவர்களால்தானே தொல்லை? எல்லாரையும் நிரப்பவைத்துவிட்டால்? நிறம் சொல்லாத இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரே மூச்சில் ஒரு கடிதம் அனுப்பினான்: “தங்கள் குடையின் நிறத்தைத் தெரிவித்து உதவவும்.” திருப்தியோடு வீட்டுக்குப் போனான். அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டே சாப்பிட்டான். சாப்பாட்டு மேசைக்கு நாற்காலிகள் இரண்டு. ஒன்றில் உட்கார்ந்தால் இன்னொன்று எதிரே இருக்கும்.

காலையில் நூற்றுத் தொண்ணூறு பதில்கள் வந்திருந்தன. வாடிக்கையாளர்கள் நல்லவர்கள். கேட்டதைச் சொல்லியிருந்தார்கள். படிவத்தில் இல்லை, வெறும் மெயிலாக. பெரும்பாலும் ஒற்றை வார்த்தை.

“நீலம்.”

“சிவப்பு.”

“நீலம் என்றுதான் விற்றார்கள். இப்போது என் சட்டைதான் நீலம்.”

“குடை தொலைந்து ஒரு மாதம் ஆகிறது. நிறம் நினைவில்லை. ஆனால் நல்ல குடை.”

“மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன்.”

முதல் மெயிலைத் திறந்து எட்டை அழுத்தினான். கர்சர் இறங்கப் பார்த்தது. கீழே ஒன்றுமில்லை.

டிங்.

அடுத்தது. டிங். அடுத்தது. டிங்.

இருபது டிங்குக்கு அப்புறம் அவனுக்குத் தெரிந்துவிட்டது, எல்லாமே டிங்தான் என்று. ஆனாலும் நிறுத்தவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்தான், அழுத்தினான். டிங். ஒவ்வொரு டிங்குக்கும் அவன் தலை தானாக மாடிப்படிப் பக்கம் திரும்பியது. இருபத்திரண்டு படி. யாரும் இறங்கி வரவில்லை. இறங்கி வரவேண்டிய ஆள் ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

“தம்பி,” என்றாள் அக்கா. “போதும்.”

“முடிச்சிடறேன்க்கா.”

டிங்.

மேடம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். அவன் முகத்தைக் கவனித்தார்கள். போனை எடுத்து சிஸ்டம்காரரைக் கூப்பிட்டார்கள்.

சிஸ்டம்காரர் வந்தபோது மணி மூன்று. அக்காவின் மேசையில் குறுக்கெழுத்து விரிந்திருந்தது. சிஸ்டம்காரர் குண்டானவர், சாதுவானவர். முழங்கால் இடிக்காமல் அந்த நாற்காலியில் எப்படி உட்காருவது என்று தெரியாமல் குனிந்து பிடியைத் தேடினார்.

“அது அப்படியே இருக்கட்டும் சார்,” என்றான் அவன்.

அவர் நின்றபடியே விசைப்பலகையை இழுத்துக்கொண்டார்.

“மேடம் சொன்னாங்க. பழசை எடுத்துட்டு, தானே பதில் போடற புரோகிராம் ஒண்ணு போடணும்னு.”

“எட்டு மட்டும் எனக்கு வேணும்.”

“எட்டுல என்ன இருக்கு?”

“பேர் எடுக்கறது.”

“அதைப் புது புரோகிராமே எடுக்குமே சார்.”

“இது வேற மாதிரி எடுக்கும்.”

அவர் ஒரு பழைய கடிதத்தைத் திறந்து எட்டை அழுத்திப் பார்த்தார். கர்சர் இறங்கியது, தாண்டியது, திரும்பி வந்தது.

“தப்பா போகுதே. தாண்டிப் போய்த் திரும்புது பாருங்க. சரி பண்ணிடட்டுமா?”

“தொடாதீங்க!”

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. அறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

“என் வீட்டுக்காரி போட்டது சார். அவ எப்படிப் போட்டாளோ அப்படியே இருக்கணும்.”

சிஸ்டம்காரர் விசைப்பலகையிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு பென்டிரைவை எடுத்தார்.

“அப்படியே காப்பி எடுத்துத் தந்துடறேன். ஒரு புள்ளிகூட மாறாது. வீட்ல போட்டுப் பார்த்துக்கலாம். சரியா?”

அவன் தலையாட்டினான்.

அவர் மேக்ரோக்கள் இருந்த பைலைத் திறந்தார். புருவத்தை உயர்த்தினார்.

“ரெண்டையும் எடுத்துக்கட்டுமா?”

“ஏழு நான் போட்டது. அது வேண்டாம்.”

“ஏழைச் சொல்லல. எட்டு, ஒன்பது.”

அவன் ஒன்பதை அழுத்தியதே இல்லை. அதில் ஏதாவது இருக்கும் என்று தோன்றியதும் இல்லை. சிஸ்டம்காரர் அழுத்தினார். கர்சர் வரி எதையும் எண்ணவில்லை. ‘பெயர்’ என்ற சொல் எங்கே இருக்கிறது என்று தேடி, நேராக அங்கே போய் நின்று, பெயரை எடுத்தது. நிறம் இருந்த கடிதத்திலும் எடுத்தது, இல்லாத கடிதத்திலும் எடுத்தது. ‘நீலம்’ என்று ஒற்றை வார்த்தையில் வந்த மெயிலைத் திறந்து அழுத்தினார். ‘அன்புள்ள வாடிக்கையாளர் அவர்களுக்கு’ என்று அமைதியாக எழுதிவிட்டு நின்றது. டிங் இல்லை.

“அடேயப்பா,” என்றார் சிஸ்டம்காரர். “படிவத்தை எப்படி மாத்தினாலும் இது ஓடும். நல்லா தெரிஞ்சவங்க வேலை சார் இது.”

“யார் போட்டது?”

“இதே மெஷின், இதே லாகின். தேதிகூட இருக்கு. எட்டு போட்டதுக்கு மறுநாள்.”

“இருக்காது. அவளுக்கு இதெல்லாம் வராது. நான்தான் அவளுக்கு மேக்ரோவே சொல்லிக் குடுத்தேன்.”

அக்கா பென்சிலைக் கீழே வைத்தாள்.

“என் மெஷின்ல ஓடறதும் அந்த ஒன்பதுதான் தம்பி. அவதான் போட்டுக் குடுத்தா.”

அவன் அக்காவைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். ஒன்பது முடித்துவிட்டுச் சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது.

“இவ்வளவு நல்லா ஒண்ணு போட்டு வெச்சுக்கிட்டு, அந்த எட்டை எதுக்குக்கா மூணு வருஷம் அழுத்திக்கிட்டு இருந்தா? ஒவ்வொரு டிங்குக்கும் நான் மாடியிலேர்ந்து ஓடி வந்தேனே!”

அக்கா இன்னொரு மிட்டாயைக் கையில் எடுத்தாள். இந்த முறை வாயில் போட்டுக்கொள்ளவில்லை.

“நீங்க பேக்டரிக்குப் போற செவ்வாய், வியாழன்ல எல்லாம் அவ ஒன்பதைத்தான் அழுத்துவா, தம்பி.”